குளத்தங்கரை – 9: முகவரியோடு கிடந்த மூட்டை

போன வாரம் மடையடியில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து கரையேறி மேற்கே நடந்தால், மறுகால் தாண்டியதும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் குப்பைமேடு அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் ஊர்க் குப்பை என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். அது சரிதானா என்று கடைசியில் பார்ப்போம்.

கொஞ்ச நாளாக ஊர்ப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மேட்டை அள்ளுகிறார்கள். நானும் ஒரு ஞாயிறு போனேன். ஆளுக்கொரு ஜோடி நீலக் கையுறை, வாட்ஸ்ஆப் குழுவில் போட ஒரு படம் என்று காலை ஆறரைக்குக் கலகலப்பாகத்தான் ஆரம்பித்தது. ஊராட்சியின் தூய்மைக் காவலராக இருக்கும் அக்காவும் வந்து நின்றார். யாரும் அவரை வரச்சொல்லவில்லை.

"எய்யா, அந்தச் சாக்கை உதறாத. உள்ள ஊசி கெடக்கும்" என்றார் ஒரு பையனிடம்.

கட்டை அவிழ்த்தால் நிஜமாகவே ஊசி, டிரிப்ஸ் டியூப். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தூக்குனாலே தெரியும்லா" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கோழிக்கடைச் சாக்கு அடியில் கசிந்து கனக்கும். சலூன் மூட்டை பெரிதாக இருக்கும், தூக்கினால் தலையணை மாதிரி வரும். கல்யாண மண்டபத்து மூட்டை பேப்பர் இலையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கடகடக்கும். இந்தப் படிப்புக்கு அவருக்குக் கிடைப்பது மாதம் 5,000 ரூபாய். அதற்கு 'மதிப்பூதியம்' என்று பெயர். சம்பளம் என்று சொன்னால் கூடுதலாகக் கேட்டுவிடுவார்கள் என்ற பயமோ என்னவோ.

"அந்தக் காலத்துல ஊரே கூடி நின்னு குளத்தைப் பாத்துக்கிட்டோம்" என்று கரைமேல் நின்ற பெரியவர் பெருமூச்சு விட்டார். எனக்கு அந்தப் பெருமூச்சில் அரை நம்பிக்கைதான். ஊரே விரும்பிக் கூடியது என்றால், குளத்தை ஊரார் செப்பனிடும் குடிமராமத்து வேலைக்கு வராதவர்களை வரவைக்க 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்கு வந்தது? கூடிய இடத்திலும் மண்வெட்டி யார் கையில், கணக்கு நோட்டு யார் கையில் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. இன்றைக்கு அள்ள வந்த பையன்களில் எல்லாத் தெருக்காரர்களும் இருந்தார்கள். அதைப் பெரியவர் கவனித்தாரா, தெரியாது. நான் கவனித்தேன்.

உடையாத மதுப்பாட்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். சில வருஷம் முன்பு இதே கரையில் பாட்டிலை மிதிக்காமல் நடக்க முடியாது. இப்போது கிடப்பதெல்லாம் உடைந்த சில்லுதான். காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்ற திட்டத்தை, உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கினார்கள். காட்டில் யானைகளின் காலில் சில்லு ஏறியதுதான் அதற்கு மூலகாரணம். பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. உடையாத பாட்டிலைக் குனிந்து எடுக்க இப்போது எப்போதும் ஆள் இருக்கிறது. 'குப்பை கொட்டாதீர்' என்று ஊராட்சி எழுதிவைத்த பலகையோ கரையோரம் மல்லாந்து கிடக்கிறது. அதன்மேல் இரண்டு மூட்டை.

பால் கவருக்குப் பழைய இரும்புக்கடையில் விலை உண்டு. சிப்ஸ் கவரைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கோடு வெள்ளித்தாள் மாதிரி ஒரு பூச்சு ஒட்டிக்கொண்டிருப்பதால் பிரிக்க முடியாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த 14 வகைப் பொருட்களில் பாதி அன்றைக்கு எங்கள் காலடியில் கிடந்தது. அதையெல்லாம் மீறி எங்களைத் திணறடித்தது டயப்பர்தான். மழையில் நனைந்து, வெடிக்கப்போகும் வெள்ளரிப்பழம் மாதிரி உப்பிக் கிடந்தது. கையில் எடுத்ததும் பிய்ந்து, உள்ளிருந்து ஜவ்வரிசிக் கஞ்சி போல் ஒரு கொழகொழப்பு வழிந்தது. இதைச் சுற்றிப் போட உறையை டயப்பர் தயாரிப்பவரே தரவேண்டும் என்று 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லியிருந்தன. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் விற்கும் ஒற்றை டயப்பரோடு அப்படி ஓர் உறையை நான் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. குவித்ததைப் பார்த்த ஒரு தம்பி தீப்பெட்டியை எடுத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கமாக இருந்தது. அக்கா அதட்டினார். "கொளுத்துனா ஒனக்கு வேலை முடிஞ்சிரும். அந்தப் புகையில நாளைக்கும் நாந்தான நிக்கணும்?" தீப்பெட்டி பைக்குள் போனது. ஒன்றியத்திலிருந்து வண்டி வரும்வரை பிரித்துக் கட்டிவைப்பது என்று முடிவானது.

அப்படிப் பிரிக்கும்போதுதான் அந்த மூட்டை அகப்பட்டது. உள்ளே கூரியர் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே பெயர், ஒரே தெரு, ஒரே போன் நம்பர். பக்கத்து டவுன். பையன்கள் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்குகள் எழும்பிவிட்டன. மூட்டையைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் இறக்கினோம். வந்தவர் சண்டைக்கு வரவில்லை, வியர்த்துப்போய் நின்றார். "மாசாமாசம் வண்டிக்காரன்ட்ட ரூவா குடுத்துட்டுதான் போடுதேன் தம்பி. அவன் எங்க கொட்டுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இந்த மாதிரிக் கதையைத் திருநெல்வேலிச் சீமை ஏற்கனவே பார்த்திருக்கிறது. 2024 டிசம்பரில் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. அங்கேயும் காட்டிக்கொடுத்தது உள்ளே இருந்த காகிதங்கள்தான். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாளில் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னது. கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிப்போனார்கள். கழிவை ஒழுங்காக அழிக்கச் செலவு அதிகம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறவனுக்கு, கேட்க ஆளில்லாத நிலமும் இருட்டும் போதும். கேட்க ஆளில்லாத நிலத்துக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, புறம்போக்கு. ஊர்ப் பொதுவுக்கென்று வரி போடாமல் விட்ட நிலத்தின் பெயரை, ஒருத்தனைத் திட்டும் வசவாக மாற்றிவைத்திருக்கிறோம்.

மத்தியானம் பையன்கள் கையுறைகளைக் கழற்றிக் குப்பையோடு போடப் போனார்கள். "அதை எனக்குத் தாங்க, கழுவி வச்சுக்கிடுதேன்" என்று அக்கா கையை நீட்டினார். ஊராட்சியில் கொடுத்த ஜோடி போன மாசமே விரல் நுனியில் ஓட்டையாகிவிட்டதாம்.

அடுத்த ஞாயிறு மறுகால் பக்கம் புது மூட்டை எதுவும் இல்லை. அரை மைல் தள்ளி ஓடைப் பாலத்தடியில் இரண்டு கிடந்தன. பையன்கள் ஓடிப்போய் ஆசையோடு கட்டை அவிழ்த்தார்கள். கூரியர் கவர்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் முகவரி இருந்த இடத்தை மட்டும் கிழித்து எடுத்திருந்தார்கள்.

(தொடரும்)