கார் பின்டயர் மொட்டையாகிறதா? உஷார்!

கப்பலூர்,-

கப்பலூர் நாலுவழிச் சாலையில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓட்டுபவரா நீங்கள்? பின்டயரின் உள்பக்கம் மட்டும் தேய்கிறதா? டயரைத் திட்டாதீர்கள். சக்கரத்தின் சாய்வில்தான் கோளாறு!

1961 முதல் சென்னையில் தயாரான கார் இது. இங்கிலாந்தின் "டிரையம்ப் ஸ்பிட்பயர்" ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே பின்சக்கர அமைப்புதான். இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை. பட்டை தளர்ந்தால் பின்பக்கம் படுத்துவிடும். சக்கரத்தின் தலை உள்ளே சாயும். டயர் காலி!

வளைவில் ஆபத்து

வேகமாக வளையும்போது திடீரென ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் இன்னும் மோசம். பின்பக்கம் தூக்கும். வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். கார் அப்படியே சுழன்றுவிடும்!

எப்படி அளப்பது?

காலி வண்டியில் அளந்தால் கணக்கு தப்பு. முன்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து அளக்க வேண்டும். அதற்கு முன்பே புஷ், பேரிங் ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆட்டம் இருந்தால் கம்ப்யூட்டர் அலைன்மெண்டும் வீண்தான்.

1972-ல் வந்த "கெசல்" காரில் கம்பெனியே இந்த அமைப்பைக் கைவிட்டு, ஒரே ஆக்சிலுக்கு மாறியது.

ஹெரால்டுகாரர்களே, புது டயர் வாங்கும் முன் பட்டையைப் பாருங்கள். காசும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்!