கிளிஞ்சலும் காளவாயும்: திருவிதாங்கூர்ச் சுண்ணாம்பின் தொல்லியல்

திருவனந்தபுரம் வட்டாரத்தில் சுண்ணாம்புப் பாறை கிடைப்பது அரிது. நிலத்தடியில் கொண்டலைட், சார்னோக்கைட் வகைக் கடும்பாறைகளும் அவற்றின் மேல் செம்பூராங்கல்லுமே பரவியுள்ளன. கொல்லத்துக்கு அருகில் அஷ்டமுடிக் காயலை ஒட்டிய படப்பக்கரையில் மயோசீன் காலக் கடற்சிப்பிகள் பதிந்த சுண்ணாம்புப் பாறை வெளித்தெரிகிறது. அதுவும் சிறு அளவே. ஆயினும் இந்தக் கரையோரத்தின் அரண்மனைகளும் கோயில்களும் கோட்டைகளும் சுண்ணாம்பை நம்பியே எழுந்தன. அதை வழங்கிய பெரும் சுரங்கங்கள் காயல்கள்.

வேம்பநாட்டுக் காயலின் சேற்றுக்கு அடியில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மடிந்த கக்கா என்னும் சிப்பிகளின் ஓடுகள் படுகையாகக் குவிந்துள்ளன. இதை வெள்ளைக்கக்கா என்பர். உயிருடன் வாரப்படுவது கறுப்புக்கக்கா. அதன் சதை உணவாகும், ஓடு சூளைக்குப் போகும். இங்கிலாந்தின் சீமைச்சுண்ணக் குன்றுகளில் பழைய வெட்டுக்குழிகள் இன்றும் பள்ளங்களாகக் கண்ணில் படுகின்றன. கேரளத்தில் குழி நீருக்கடியில் இருப்பதால், வாரிய இடத்தைச் சேறு விரைவில் மூடிவிடும். ஆகவே இங்கே சுண்ணாம்புத் தொழிலின் வரலாற்றைக் காளவாயிலும் சுவரிலும்தான் தேட வேண்டும்.

காளவாய் என்பது மேற்புறம் திறந்த, அடியில் காற்றுப் புகும் துளைகள் உள்ள சூளை. கிளிஞ்சலும் கரியும் அடுக்கடுக்காக அதில் நிரப்பப்படும். வெப்பம் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸை எட்டும்போது கால்சியம் கார்பனேட் சிதைந்து, கரியமில வாயு வெளியேறுகிறது. 100 கிலோ தூய கார்பனேட் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகக் குறையும். வெந்த கிளிஞ்சல் பெரும்பாலும் உருக்குலையாது. எடை மட்டும் பாதியளவுக்கு இறங்கும். நீர் தெளித்ததும் கொதித்து, பிளந்து, வெண்மாவாக உதிரும். இதுவே நீற்றுதல். கைவிடப்பட்ட காளவாயைச் சூட்டில் கண்ணாடிபோல் உருகிய உட்சுவர், சாம்பல் படிவு, அரைவேக்காட்டு ஓடுகளின் குவியல் ஆகியவை காட்டிக்கொடுக்கும்.

நீற்றிய சுண்ணாம்பு மணலோடு அரைக்கப்பட்டுச் சாந்தாகிறது. கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்ப்பது தென்னாட்டு வழக்கம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனைத் தரை, சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு, தாவரச் சாறு ஆகியவற்றால் மெருகிடப்பட்டது என்பது மரபுச் செய்தி. கேரளச் சுவரோவியத்துக்கு, சாந்து பூசிய சுவரின் மேல் சுண்ணாம்பை இளநீரில் கரைத்து 25 முதல் 30 முறை வரை பூசி வெண்தளம் அமைப்பர்.

பழைய சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு காரைத் துண்டை உருப்பெருக்கியில் வைத்தால் அதன் செய்முறையில் பெரும்பகுதி தெரியும். விளிம்பு மழுங்கிய மணல் ஆற்றிலோ கடலோரத்திலோ உருண்டு வந்தது. சிவந்த துகள் செங்கல் பொடி அல்லது செம்பூராங்கல். கறுப்புப் புள்ளி சூளைக்கரி. வளைந்த, வரியோடிய சில்லு முழுதாக வேகாத கிளிஞ்சல். அது பெரிதாக இருந்தால் எந்தக் கக்கா என்றும், உவர்நீரில் வளர்ந்ததா கடலில் வளர்ந்ததா என்றும் கணிக்கலாம். இடையிடையே காணும் வெண்கட்டி, மணலோடு சரிவரக் கலக்காமல் தங்கிய தூய சுண்ணாம்பு.

காலத்தைக் கணிப்பதில் இந்த வெண்கட்டிக்குத் தனி மதிப்பு உண்டு. சாந்து இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மீண்டும் கார்பனேட் ஆகிறது. எனவே சுவர் கட்டிய காலத்துக் கார்பன் அதில் சிறைப்படுகிறது. கார்பன்-14 முறையில் அதை அளந்து கட்டடத்தின் வயதை மதிப்பிடும் முயற்சிகள் 1960களில் தொடங்கின. வேகாத ஓடு கலந்துவிட்டால் கணக்குப் பிழைக்கும். காயலடி ஓட்டின் கார்பன் சுவரைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்ததாக இருக்கக்கூடும். கரித்துண்டிலும் இடர் உண்டு. அது காட்டுவது மரம் வளர்ந்த காலத்தை. வெண்கட்டியில் இத்தகைய கலப்படம் குறைவு என்பதால் ஆய்வாளர்கள் அதையே நாடுகின்றனர்.

சிமென்ட் பரவியபோதும் கிளிஞ்சல் உடனே ஒதுங்கிவிடவில்லை. இந்தியாவின் தொடக்ககாலச் சிமென்ட் முயற்சிகளில் ஒன்று 1904இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு நடந்தது. 1946இல் கோட்டயத்தில் தொடங்கிய திருவிதாங்கூர் சிமென்ட்ஸ் நிறுவனம் வேம்பநாட்டு ஓடுகளிலிருந்து வெள்ளைச் சிமென்ட் தயாரித்தது. குட்டநாட்டின் புளித்த வயல்மண்ணைத் திருத்தவும் கக்காச் சுண்ணாம்பு பயன்படுகிறது. கட்டடத் தொழிலில் மட்டும் அதன் இடம் சுருங்கியது. காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

இன்று பெரும் கேடு விளைவிப்பது பழுதுபார்க்கும் முறை. பழைய செம்பூராங்கல் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். உப்பு படிந்து கல்லே உதிரும். பூசுவதற்குமுன் சுரண்டி எறியப்படும் காரையோடு சுவரின் பிறப்புச் சான்றும் போய்விடுகிறது. பழங்கட்டடத்தைப் புதுப்பிப்போர், முதலில் காரையின் மாதிரி ஒன்றை, எடுத்த இடத்தைக் குறித்துப் பாதுகாக்க வேண்டும். அதன் சேர்மானத்தை ஆய்ந்தறிந்து, அதற்கு இசைந்த சுண்ணாம்புச் சாந்தையே பூச வேண்டும்.