பழுது பம்பிலா, கிணற்றிலா?

கோடைக் காலத்தில் ஒரு காலை நேரம். ஆரணியை அடுத்த சேவூரில் ஒரு நெசவாளர் வீடு. சுவிட்சைப் போட்டதும் கிணற்று மோட்டார் வழக்கம்போல் ஓடுகிறது. ஆனால் மாடித் தொட்டியில் ஒரு சொட்டு நீரும் விழவில்லை. பட்டு நெய்யும் ஊரில் நீரின் தேவை சமையலோடு நிற்பதில்லை. பட்டு நூலைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை போக்கவும், சாயம் ஏற்றவும், ஏற்றிய பின் பலமுறை அலசவும் நீர் வேண்டும்.

உடனே ஆளுக்கொரு யோசனை பிறக்கும். "காயில் போயிருக்கும்" என்பார் ஒருவர். "கிணற்றை ஆழப்படுத்துங்கள்" என்பார் மற்றொருவர். "புதுப் பம்பே வாங்கிவிடலாம்" என்பார் மூன்றாமவர். மூன்றுமே செலவுள்ள வேலைகள். இவற்றுள் எது தேவை, அல்லது எதுவுமே தேவையில்லையா? இதை முதலில் கண்டறிபவரே தேர்ந்த பழுது பார்ப்பவர்.

கலிலியோ குறிப்பிட்ட தொழிலாளி

1638-ஆம் ஆண்டில் வெளிவந்த கலிலியோவின் நூல் ஒன்றில் இத்தகைய நிகழ்ச்சி வருகிறது. நீர் ஏற்றாத பம்பு ஒன்றைப் பழுது பார்க்க ஒரு தொழிலாளியை அழைக்கிறார்கள். அவர் பம்பைப் பார்த்துவிட்டு, குறை பம்பில் இல்லை, நீர் மிகவும் கீழே இறங்கிவிட்டது என்கிறார். உறிஞ்சும் பம்பு எதுவும் 18 முழத்துக்கு மேல் நீரைத் தூக்காது என்பதும் அவர் பட்டறிவு.

ஏன் தூக்காது? பம்பு நீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. அது குழாயினுள் இருக்கும் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுமண்டலம் நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. இந்த உண்மையை 1644-இல் டாரிசெல்லி பாதரசக் குழாய்ச் சோதனையால் விளக்கினார். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீர்க்கம்பத்தின் உயரம் 10.3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 34 அடி. குழாயின் உராய்வு முதலியவற்றைக் கழித்தால், நடைமுறையில் 20 முதல் 23 அடி வரைதான் உறிஞ்ச முடியும். மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டினாலும் இந்த எல்லை மாறாது.

ஆரணி வட்டாரத்தில் நிலத்தடியில் இருப்பது கடினப் பாறை. பாறையின் வெடிப்புகளிலும் அதன் மேலுள்ள சிதைந்த பகுதியிலும்தான் நீர் தங்குகிறது. எனவே மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும். கார்த்திகையில் நன்றாக இறைத்த பம்பு சித்திரையில் நின்றுபோனால், முதல் ஐயம் நீர்மட்டத்தின்மேல் விழ வேண்டும். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, நனையாத பகுதியின் நீளத்தை அளந்தால் போதும். நீர் 23 அடிக்கும் கீழே இருந்தால், பம்பைக் கிணற்றினுள் தாழ்வான மேடைக்கு இறக்குவதோ, நீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளும் நீர்மூழ்கிப் பம்பைப் பொருத்துவதோதான் வழி. காயில் கட்டுவதால் பயனில்லை.

மோட்டார் சொல்லும் செய்தி

நீர்மட்டம் சரியாக இருந்தால் அடுத்து மோட்டாரைக் கவனிப்போம்.

மோட்டார் ஓடுகிறது, நீர் வரவில்லை என்றால், உறிஞ்சு குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அடியிலுள்ள புட்வால்வில் குப்பை சிக்கி, குழாயில் நின்ற நீர் வடிந்திருக்கலாம். பம்பில் நீர் ஊற்றி ஓட்டினால் சிறிது நேரம் இறைத்து, நிறுத்திய பின் மறுபடி வறண்டால், குற்றவாளி பெரும்பாலும் புட்வால்வுதான். நீரின்றி நெடுநேரம் ஓடவிட்டால் அச்சைச் சுற்றியுள்ள சீல் கருகிவிடும்.

மோட்டார் சுழலாமல் உறுமுகிறது என்றால் உடனே நிறுத்த வேண்டும். நின்ற நிலையில் அது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சில நிமிடங்களில் காயில் எரிந்துவிடும். ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் மோட்டார்களில் இதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்டுப்போன கெப்பாசிட்டர். அதை மாற்றுவது சிறிய செலவே. துருவோ மணலோ சுழலியைப் பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு.

நல்ல மெக்கானிக் பம்பை வெளியே எடுக்குமுன் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் மீட்டரால் ஆம்பியரை அளப்பார். மோட்டாரின் தகட்டில் குறித்துள்ள அளவைவிட மிகக் குறைவாகக் காட்டினால் பம்பு நீரின்றி ஓடுகிறது. மிக அதிகமானால் எங்கோ இறுக்கம், அல்லது காயிலில் கோளாறு, அல்லது மின்னழுத்தக் குறைவு. பின்னர் மெக்கர் என்னும் கருவியால் காப்புத்தடையைச் சோதிப்பார். அது பொதுவாக 1 மெகாஓமுக்குக் குறையலாகாது. நூறடி ஆழத்திலிருந்து நீர்மூழ்கிப் பம்பைத் தூக்கும் கூலியை இந்தச் சில நிமிடச் சோதனை மிச்சப்படுத்தக்கூடும்.

காயில் கட்டும்போது

காயில் உண்மையாகவே எரிந்திருந்தால், பழைய கம்பியின் தடிமனும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல் கட்ட வேண்டும். கம்பியின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதன் குறுக்குப் பரப்பு 19 விழுக்காடு குறைகிறது. மின்தடையும், அதனால் எழும் வெப்பமும் ஏறத்தாழ 23 விழுக்காடு கூடுகின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் மின்காப்பின் ஆயுள் பாதியாகிறது என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. கம்பியில் மிச்சம் பிடித்த பணம் அடுத்த கோடையில் இரட்டிப்பாகச் செலவாகும். நீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாருக்கு பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியே வேண்டும். சாதாரண எனாமல் கம்பி உதவாது.

யாரை அழைப்பது?

உத்தரவாதக் காலம் முடியாத பம்பானால் தயாரித்த நிறுவனத்தின் சேவை நிலையத்தையே நாட வேண்டும். வெளியாள் திறந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும். மற்றபடி உள்ளூர்க் காயில் கடைக்காரரே போதும். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பயிற்சியோ பம்பு மெக்கானிக் பயிற்சியோ பெற்றவரானால் நல்லது. அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்னென்ன அளந்தீர்கள்? எந்தக் கம்பி போடுவீர்கள்? மாற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பித் தருவீர்களா? கூலியையும் பொருள் விலையையும் தனித்தனியே எழுதிய ரசீது பெறுவதும் அவசியம்.

நீங்களும் ஒரு குறிப்பு வைத்திருக்க வேண்டும். பம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை ஆம்பியர் ஓடுகிறது, கிணற்றில் நீர் எத்தனை அடியில் உள்ளது என்பவற்றைச் சுவிட்சுப் பலகையருகே எழுதி வையுங்கள். நோயாளியின் பழைய சீட்டு மருத்துவருக்கு உதவுவது போல இது மெக்கானிக்குக்கு உதவும். முப்பது நிமிடத்தில் நிரம்பிய தொட்டிக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆகிறதென்றால், பம்பு நிற்குமுன்பே தேய்மானத்தை அறியலாம்.

உயிரோடு விளையாட வேண்டாம்

பம்பைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஈரத் தரையில் மின்கசிவு உயிரைக் குடிக்கும்; எர்த் இணைப்பும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனமும் இருக்க வேண்டும். ஆழமான கிணற்றில் கரியமில வாயு தேங்கி உயிர்க்காற்று குறைந்திருக்கக்கூடும். விளக்கை இறக்கிப் பார்த்தால் உயிர்க்காற்றுக் குறைவு தெரியலாம். ஆனால் டீசல் எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடு நஞ்சை விளக்கு காட்டிக்கொடுக்காது. ஆகவே கிணற்றினுள் எஞ்சின் ஓட்டவே கூடாது. இடுப்பில் கயிறும் மேலே துணையாள்களும் இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால், அவரைத் தூக்க மற்றொருவர் குதிப்பது இரண்டு உயிர்களைப் போக்கும். தீயணைப்புத் துறையினரையே அழைக்க வேண்டும்.

கலிலியோ காலத்துத் தொழிலாளியிடம் ஆம்பியர் மீட்டர் இல்லை. ஆயினும் பம்பைப் பிரித்துக் கூலி வாங்காமல், நீர் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். உங்கள் வீட்டுப் பம்பு நிற்கும்போது அத்தகைய ஒருவரைத் தேடுங்கள்.