சூரன் படைக்கு என்ன நிறம்?

எம்.என். நம்பியார் முகத்துக்கு நான் ஒருநாளும் கறுப்பு அடித்ததில்லை. புதுவையில் சினிமா பேனர் வரைந்த காலத்தில் நாயகனுக்கு ரோஸும் மஞ்சளும் என்றால் வில்லனுக்குப் பச்சையும் ஊதாவும். கன்னத்தின் நிழல் பக்கம் கொஞ்சம் பச்சையை இழுத்துவிட்டால் போதும், அண்ணாந்து பார்ப்பவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை முடித்துவைத்தது. இப்போது புதுவைக் கதிர்காமத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து, கட்டைவிரலில் பாதி உயரம்கூட இல்லாத அரக்கர்களுக்கு வண்ணம் அடிக்கிறேன்.

வேலையைக் கொண்டுவந்தவன் பாரிஸில் இருக்கும் அக்கா மகன். "மாமா, இவனுங்க எல்லாம் கெட்டவனுங்க. கலர் நீங்கதான் சொல்லணும்" என்று பெட்டியை நீட்டினான்.

அவன் ஆடும் ஆட்டத்தில் மேசைதான் போர்க்களம், ஆளுக்கொரு படை. டேப் வைத்து அளந்து நகர்த்துவார்கள். பகடை உருட்டி வெட்டுக்குத்தைத் தீர்ப்பார்கள். பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாகப் போட்டிருக்கிறார். இன்று இதில் பெரிய பெயர் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப். அவர்களுடைய 'வார்ஹேமர் 40,000' வந்தது 1987-ல். பொம்மைகள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகளாகத்தான் வரும். ஒட்டுவதும் வண்ணம் அடிப்பதும் வாங்கியவர் பாடு.

அந்த ஆட்டத்தின் கதைகளிலும் கெட்டவனுக்குக் கறுப்புதான் என்று விதி கிடையாது. ரத்தவெறி பிடித்த கோர்ன் கூட்டத்துக்குச் சிவப்பும் பித்தளையும். நோய் பரப்பும் நர்கிள் ஆட்களுக்கு அழுகல் பச்சை. ஹோரஸ் என்பவனின் படை முதலில் வெள்ளை, பிறகு கடல் பச்சை; துரோகம் செய்து, தலைவனையும் பறிகொடுத்த பிறகுதான் கறுப்புக்கு வருகிறது. யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் கதகளிக்காரர்கள் இவர்களுக்கெல்லாம் முன்னோடி. அங்கே ராவணனுக்கும் துரியோதனனுக்கும் நாயகர்களுக்குப் பூசும் அதே பச்சைதான். கன்னத்தில் கத்தி வடிவில் ஒரு சிவப்பு, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை, அதுதான் முக்கிய வித்தியாசம். ராஜா என்று பச்சை சொல்லும். கெட்ட ராஜா என்று அந்தச் சிவப்பு சொல்லும்.

கறுப்பில் தொழில் சிக்கலும் உண்டு. பொம்மை உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். முழுக்கக் கறுப்பு அடித்தால் கவசம் எது, கை எது என்று தெரியாது. கறுப்புக்கு நிழல் போட அதைவிட இருட்டான வண்ணத்துக்கு எங்கே போவது? அடி வண்ணத்தை நடுத்தரமாக வைத்து, பள்ளங்களில் தண்ணீராகக் கரைத்த பழுப்பை ஓடவிட்டு, மேடுகளில் ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் வெளிர் வண்ணத்தைத் தடவினால்தான் உருவம் எழும்பும்.

சரி, எங்கள் படைக்கு என்ன நிறம்? கதிர்காமம் என்றாலே முருகன். இங்கே உட்கார்ந்துகொண்டு சூரபத்மனை விட்டுவிட்டு வேறு வில்லனைத் தேடுவானேன்? பெட்டியில் தும்பிக்கை உள்ளவன் சூரனின் தம்பி தாரகன் ஆனான், பிடரிமயிர் உள்ளவன் இன்னொரு தம்பி சிங்கமுகன் ஆனான். சூரன் கடைசியில் மாமரமாக நிற்கிறான். வேல் பட்டுப் பிளந்து மயிலும் சேவலுமாகிறான். வண்ணம் மூன்றும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. படை முழுக்க முற்றிய மாவிலைப் பச்சை. கடைப் பச்சையில் துளி சிவப்பு விட்டால் பளபளப்பு அடங்கி இலை முற்றிவிடும். கவசத்துக்கு மங்கிய பித்தளை. சேவல் கொண்டைச் சிவப்பு நாக்கிலும் கொடியிலும் மட்டும். மயில் நீலம் சூரன் மார்புப் பதக்கத்தில் ஒரே ஒரு பொட்டு.

"எல்லாருக்கும் நீலம் வெச்சா அழகா இருக்குமே மாமா?"

"எல்லாருக்கும் வெச்சா இதுல சூரன் யாருடா?"

நீங்களும் செய்து பார்ப்பதானால் சாதாரண அக்ரிலிக் போதும். தண்ணீர் விட்டு மெல்லிசாக இரண்டு பூச்சு அடியுங்கள். முழுப் படையையும் தொடுவதற்கு முன் ஒரே ஒரு பொம்மையை முடித்து மேசையில் வைத்து, மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து தெரியாத வண்ணம் ஆட்டத்திலும் தெரியாது. கந்த சஷ்டிக்குள் முடித்துவிட ஆசை வரும். ஆனால் ஐப்பசி ஈரக்காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். பிரஷ்ஷால் அடியுங்கள், இல்லாவிட்டால் தை வரை பொறுத்திருங்கள்.