ராத்திரி டூட்டியில் எத்தனை பேர்?

மறதி நோய் வந்த அப்பாவுக்கோ மாமியாருக்கோ இல்லம் தேடி போன் போடும் குடும்பம் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு ஆகும்?" அடுத்து, "தனி ரூமா, ஷேரிங்கா?" கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ராத்திரி டூட்டியில் எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை முதியவர்களுக்கு?

டிமென்ஷியா வந்தவர்களில் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் கலக்கம் கூடும். "பசங்க ஸ்கூல்ல இருந்து வந்துருவாங்க, நான் வீட்டுக்குப் போகணும்" என்று எழுபது வயது மகனுக்குத் தாயான பாட்டி கதவைத் தேடுவார். நள்ளிரவில் பாத்ரூமுக்கு எழுந்து, வழி தெரியாமல் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அதோடு படுத்த படுக்கையாகிறவர்கள் இருக்கிறார்கள். பகலில் நாலு பேர் சிரித்த முகமாய் வரவேற்கும் இல்லத்தில், இரவில் முப்பது பேருக்கு ஒரே ஓர் ஆள் என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? கதவைப் பூட்டுவார். தூக்க மாத்திரை கொடுப்பார். அதுவும் போதாவிட்டால் கட்டிலோடு துண்டால் கட்டுவார். மறுநாள் நாம் போய், "ராத்திரி நல்லாத் தூங்குனீங்களாப்பா?" என்று கேட்டால் அப்பாவுக்குச் சொல்லத் தெரியாது.

இந்த நோயின் ஆபத்து முழுவதும் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. சர்க்கரை நோயாளி தனக்கு நடந்ததைச் சொல்வார், பக்கவாதம் வந்தவர் சைகையாவது காட்டுவார். இவரால் புகார் சொல்ல முடியாது. சொன்னாலும் "மறதில ஏதோ உளறுறார்" என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே வெளியாளின் கண் எந்த நேரத்திலும் படக்கூடிய இல்லமே இவருக்குப் பாதுகாப்பான இல்லம். கட்டடம், தோட்டம், கோயில், யோகா வகுப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். இவர்களுக்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களோடு நடக்கும் இல்லங்களோ மிகக் குறைவு. சாதாரண முதியோர் இல்லங்களில் பல, "எழுந்து நடமாடி, தன் வேலையைத் தானே பார்த்துக்கிறவங்களைத்தான் எடுப்போம்" என்று சொல்லிவிடும். அதனாலேயே சில குடும்பங்கள் நோயை மறைத்துச் சேர்க்கின்றன. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சேர்ந்த மூன்றாம் நாளே தெரிந்துவிடும். கேட்டைத் திறந்து அவர் ரோட்டுக்குப் போய்விட்டால், "நீங்கதான் சொல்லலையே" என்று கை கழுவ இல்லத்துக்கு நாமே வழி செய்துகொடுத்தவர்கள் ஆவோம்.

இல்லம் தேடுவதற்கு முன் ஒரு முறை முழுப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, மூளையில் நீர் கோத்தல் ஆகியவையும் மறதியாகவே தெரியும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. திடீரென்று ஓரிரு நாளில் முற்றிய குழப்பம் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம். பெரிய அரசு மருத்துவமனைகளின் நரம்பியல், மனநலப் பிரிவுகளிலும், சென்னை கிண்டியில் 2024ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையிலும் காட்டலாம். சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனமும், 1992ல் கேரளத்தில் தொடங்கிப் பல ஊர்களில் கிளை பரப்பிய அல்சைமர் சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.யும் டிமென்ஷியா குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன. எந்த வகை டிமென்ஷியா என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? முதலில் பதிவு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிய பதிவு இல்லாமல் நடந்துவந்த ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைப் பார்க்கப்போன உறவினர்களுக்கு, அவரை வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டோம் என்ற பதில்தான் கிடைத்தது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்ட பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. உறவினர் ஒருவர் தேடிப் போனதால் மற்ற அத்தனை பேருக்கும் கதவு திறந்தது. யாரும் தேடிப் போகாமல் இருந்திருந்தால்?

ஆகவே பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதி வரை என்று படியுங்கள். முதியோர் இல்லங்களைப் பற்றி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மறதி நோயாளிகளைச் சேர்க்கும் இல்லத்துக்கு அது மட்டும் போதாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலையும் சூழலை உணரும் திறனையும் கடுமையாகப் பாதிக்கும் குறைபாட்டையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அத்தகையோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். "நாங்க வெறும் முதியோர் இல்லம்தானே சார்" என்பார்கள். டிமென்ஷியா கேர் என்று போர்டு வைத்துப் பணம் வாங்குகிற இடம் அப்படிச் சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தச் சட்டத்தின் 97ஆவது பிரிவைக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நோயாளியைக் கட்டிவைப்பது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும். அதுவும் பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு. தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. காரணத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. சங்கிலியால் கட்டுவதற்கு எந்த நிலையிலும் அனுமதி இல்லை.

நியமனப் பிரதிநிதி என்றேனே, அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். நோய் முற்றாத நிலையில் இருப்பவர், "என் சார்பில் பேச இவரை நியமிக்கிறேன்" என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். இல்லத்துக்கு அதிகம் வந்துபோகக்கூடியவர் யாரோ அவரை நியமிப்பது நல்லது. மூத்த மகன் என்பதற்காக அமெரிக்காவில் இருப்பவரைப் போட வேண்டியதில்லை.

இனி நேரில் பார்ப்பது. காலை 11 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போனால் எல்லா இல்லமும் அழகாகத்தான் இருக்கும். ஒரு முறை அப்படிப் போங்கள். மறுமுறை சொல்லாமல், சாயங்காலம் 6 மணியைத் தாண்டி, சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அப்போது உள்ளே விட மறுத்தால் அந்த இல்லம் வேண்டாம்.

நான் பார்த்த ஓர் இல்லத்தில் ஆயாம்மா ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்த தாத்தாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். குழைய வடித்த ரசம் சாதத்தை ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த ஸ்பூன். இடையில், "இன்னிக்கு மில்லுக்கு லீவா சார்?" என்று பேச்சு. ஒருவருக்கே அரை மணி நேரம் ஆனது. இன்னோர் இடத்தில், நின்றபடி, மூன்று பேருக்கு ஒரே கிண்ணத்திலிருந்து, தலையை அண்ணாந்து வைத்து வேகவேகமாக ஊட்டினார்கள். விழுங்கும் திறன் குறைந்தவருக்கு இது உயிராபத்து. புரையேறி, உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியா, டிமென்ஷியா முற்றியவர்களின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. மொசைக் தரையையும் வரவேற்பறை சோபாவையும் விட, சாப்பாடு ஊட்டுவதை ஒரு கால் மணி நேரம் பார்த்தாலே அந்த இல்லத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படியே கை நகங்களைப் பாருங்கள். பல் செட்டும் கண்ணாடியும் காதுக் கருவியும் அவரவருடையது அவரவரிடம் இருக்கிறதா, டயப்பர் எத்தனை மணிக்கொரு தடவை மாற்றுகிறார்கள், பாத்ரூமில் பிடிமானக் கம்பி இருக்கிறதா, நடமாட இடம் இருந்தும் வெளிவாசல் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். பட்டப்பகலில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

மொழியையும் கேளுங்கள். இன்று பராமரிப்பு வேலையில் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பாசமாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்களில் பலர். ஆனால் நோய் முற்ற முற்ற, பின்னால் கற்ற மொழிகள் போய்த் தாய்மொழி மட்டும் மிஞ்சுவதுண்டு. மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீட்டுப் பாட்டிக்குத் தமிழே நழுவிவிடலாம். "தாகமா இருக்கு" என்பது புரிய ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவராவது வேண்டும்.

அடுத்தது மாத்திரை. அலைபவரை அடக்க, மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளைக் கொடுப்பது பரவலான வழக்கம். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவை மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. லூயி பாடி வகை டிமென்ஷியா உள்ளவருக்கு ஒரு சிறு அளவே உடம்பை விறைக்கவைத்துப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும். நோயின் வகையை எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான். சில நேரம் இந்த மருந்துகள் தேவைப்படலாம். மருத்துவர் எழுதி, குடும்பத்துக்குச் சொல்லி, குறுகிய காலத்துக்கு. "எங்களுக்குத் தெரியாம புது மாத்திரை எதுவும் ஆரம்பிக்கக் கூடாது" என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் என்றதும் பலர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். டெபாசிட்டில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? பத்து நாளில் ஒத்துவராமல் அழைத்துப்போனாலோ, அவர் இறந்துபோனாலோ? டயப்பர், பிசியோதெரபி, தனி அட்டெண்டர் எல்லாம் மாதத் தொகைக்குள்ளா, வெளியேயா? அவசரமென்றால் எந்த மருத்துவமனை, யார் கூடப் போவது, எத்தனை நிமிடத்தில் நமக்குப் போன் வரும்? நோய் முற்றினால் "அழைச்சிட்டுப் போயிடுங்க" என்பார்களா? "குடும்பத்தார் எந்த நேரமும் முன்னறிவிப்பின்றிப் பார்க்கலாம்" என்ற ஒரு வரி அதில் வர வேண்டும். "பழகுற வரைக்கும் 15 நாள் யாரும் வராதீங்க" என்று சொல்லும் இல்லங்களை நான் ஏற்பதில்லை. அவர் நம்மைப் பார்த்து அழலாம், கூடவே கிளம்பவும் செய்யலாம், கஷ்டம்தான். ஆனால் விழுவதற்கும் சாப்பாடு இறங்காமல் போவதற்கும் அஞ்ச வேண்டிய நாட்கள் அந்த முதல் நாட்களே.

பணத்தையும் சொத்தையும் பற்றிய வேலைகளைத் தள்ளிப்போட்டால் பிறகு செய்யவே முடியாது. பவர் எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி அந்தப் பவர் முடிந்துபோகிறது. பவர் எதற்குத் தேவைப்படுமோ அந்த நேரத்தில் அது செல்லாது. பிறகு காப்பாளர் நியமனத்துக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். உயில் எழுதவும் தெளிந்த மனம் வேண்டும். இல்லமோ அதை நடத்துபவரோ உயிலிலும் வங்கி நாமினியிலும் நுழையப் பார்த்தால் அன்றே வெளியேறுங்கள்.

பெற்றோரின் வீட்டைத் தானசெட்டில்மென்டாக வாங்கிக்கொண்டு பிறகு கவனிக்காமல் விட்ட பிள்ளைகளுக்கு, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு பதில் வைத்திருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால் வழக்கு வலுவாக நிற்கும். இல்லச் செலவைப் பகிர மறுக்கும் பிள்ளைகள் மீதும் கோட்டாட்சியர் தலைமையிலான இதே தீர்ப்பாயத்தில் மனு போடலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்து யாருக்குச் சேருமோ அந்த உறவினரிடம் கேட்கலாம். முதியவரைக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போவது 24ஆவது பிரிவின்படி 3 மாதம் வரை சிறைக்குரிய குற்றம். நல்ல இல்லத்தில் சேர்த்து, பணம் கட்டி, வாரந்தோறும் போய்ப் பார்ப்பது கைவிடுதல் ஆகாது. "ஹோம்ல தள்ளிட்டா" என்று பேசும் சொந்தக்காரர்களுக்கு, வருடக்கணக்கில் ராத்திரி தூங்காமல் பார்த்துக்கொண்ட மருமகளின் உடம்பு தெரியாது.

சேர்த்த பிறகு மாதம் ஒரு முறை எடை எழுதி வாங்குங்கள். போகும்போதெல்லாம் முதுகின் கீழ்ப்பகுதியையும் குதிகால்களையும் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் தொடக்கம். மணிக்கட்டில் தழும்பு, விளக்கம் தராத காயம், திடீர் மயக்கம் எதுவானாலும் தேதியோடு போட்டோ எடுத்து, இல்லத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புதல் வாங்குங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்கும் உரிமையும் உண்டு.

பதில் சரியில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567. மாவட்டச் சமூகநல அலுவலர், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம், மனநல மறுஆய்வு வாரியம் என்று மற்ற வழிகளும் உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100. பணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால் நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. அடி, பாலியல் அத்துமீறல், பட்டினி என்றால் வாரியத்துக்குக் காத்திருக்காமல் 100க்கோ 112க்கோ போன் போடுங்கள். முதலில் அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவந்து அரசு மருத்துவமனையில் காட்டி, காயங்களைப் பதிவு செய்யுங்கள். பாக்கிப் பணத்தைக் காரணம் காட்டி அவரை அனுப்பாமல் வைத்துக்கொள்ள எந்த இல்லத்துக்கும் உரிமை கிடையாது.