பாலரும் விஞ்ஞானச் சித்திர நூல்களும்

காணாத பொருளின் பெயரைப் பாலர் மனனஞ் செய்வதாற் பயன் சிறிதே. இதனை நன்குணர்ந்தவர் மொறேவியாவிற் பிறந்த கல்வியறிஞர் கொமேனியசு. அவர் 1658ஆம் ஆண்டில் நூரெம்பேர்க் நகரிற் பாலர்க்கெனச் சித்திர நூலொன்றை வெளியிட்டார். தீ, நீர், மேகம், மரம், பறவை முதலிய பொருள்கள் அதிலே படங்களாயின. படத்தின் உறுப்புக்களுக்கு இலக்கமிட்டு, அவ்விலக்கங்களையே இலத்தீனிலும் யேர்மன் மொழியிலும் எழுதிய விளக்கத்திலும் அமைத்தார். அதனால் யேர்மானியப் பிள்ளைகள் தம் தாய்மொழி வாயிலாகவே பொருளையும் பெயரையும் ஒருங்கே அறிந்தனர்.

இம்முறை இன்றும் விஞ்ஞானத்துக்கு ஏற்றதென்பது எம் கருத்து. பயறு முளைக்கும் படத்தில் வேர், தண்டு, வித்திலை என்பவற்றுக்கு இலக்கமிட்டு, ஒவ்வொன்றுக்கும் எளிய தமிழில் ஒரு வாக்கியம் எழுதினாற் போதும். ஆயினும், படத்தோடு நின்றுவிடின் அதுவும் மனனமாகவே முடியும். எனவே, “ஈரத்துணியிற் பயறிட்டு நாடோறும் பார், முதலில் வெளிப்படுவது வேரா, தண்டா?” என்று நூல் வினாவுதல் வேண்டும். விடையை அடுத்த பக்கத்திற் கூறுதலாகாது. பிள்ளை அதனைப் பயற்றிடமே கேட்டறியட்டும். அவ்வாறு கண்டு தெளிந்த பிள்ளை, பிறர் கூற்றையும் ஆராய்ந்து கொள்ளப் பழகும்.

விஞ்ஞானம் பயின்ற பழைய மாணவரும், கற்பிக்கும் ஆசிரியரும், சித்திரம் வல்ல மாணவரும் ஒன்றுகூடின் இத்தகைய சிறுநூலொன்றை ஆக்குதல் அரிதன்று. யூபிலி ஆண்டில் நாம் மேற்கொள்ளத்தக்க நற்பணி இதுவாகும்.