முன்பேர வணிகம்: விவசாயிகள் தொடங்குமுன் அறிய வேண்டியவை

மார்கழிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலை பங்குனி, சித்திரை மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. நம் பக்கத்து மக்கள் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் அன்போடு அழைக்கும் இப்பயிர், அந்நாள்களில் திண்டிவனம், விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மூட்டை மூட்டையாக வந்து குவிகிறது. வரத்து பெருகும் அதே நாள்களில் விலை இறங்குகிறது. விதைக்கும்போது நிலவிய விலையை நம்பிச் செலவு செய்த விவசாயி, விற்கும்போது வேறு விலையைக் காண்கிறார். கடனுக்குத் தவணை சொல்லியிருப்பவர் காத்திருக்கவும் முடியாமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வீடு திரும்புகிறார்.

இந்நிலைக்குப் பரிகாரமாக 'முன்பேர வணிகம்' என்ற ஒன்று இன்று கிராமங்களிலும் பேசப்படுகிறது. கைத்தொலைபேசி வழியாகவே அதில் இறங்கலாம் என்று அழைப்புகளும் வருகின்றன. இம்முறை நல்லதா, கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அது யாருக்கு, எதற்காக, எந்த அளவில் உதவும் என்று கேட்பதே முறை. அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முன்பேரம் என்பது என்ன?

நாளை வரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசி முடிப்பது முன்பேரம். இது நமக்கு முற்றிலும் புதிதன்று. பயிர் நிலத்தில் நிற்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் பெற்று, விளைந்ததை அவருக்கே அளந்து கொடுக்கும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அதில் விலையைச் சொல்பவர் ஒருவர், கேட்பவர் மற்றொருவர். பணமுடை உள்ளவருக்குப் பேரம் பேசும் வலிமை இருப்பதில்லை.

சந்தையில் நடக்கும் முன்பேரம் இதனின்று வேறுபட்டது. அங்கே சரக்கின் தரம், அளவு, ஒப்படைக்க வேண்டிய ஊர், மாதம் ஆகிய அனைத்தும் முன்னதாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. விலை ஒன்றை மட்டுமே வாங்குவோரும் விற்போரும் பேசுகின்றனர். பலர் கூடிப் பேசுவதால் அவ்விலை எல்லோருக்கும் தெரிகிறது. ஒருவர் வாக்குத் தவறினால் மற்றவர் நஷ்டமடையாதபடி சந்தையே நடுவில் நின்று பொறுப்பேற்கிறது.

ஜப்பானில் ஒசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தையில் 1730ஆம் ஆண்டிலேயே இத்தகைய வணிகம் அரசின் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் சிகாகோ நகரத் தானியச் சந்தை 1848இல் தோன்றியது. நம் நாட்டில் 1875இல் பம்பாயில் பருத்திக்காக இது தொடங்கியது. 1952இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1960களில் உணவுப் பொருள் பற்றாக்குறை மிகுந்தபோது பெரும்பாலான பொருள்களில் முன்பேரம் நிறுத்தப்பட்டது. 2003இல் நாடு தழுவிய மின்னணுச் சந்தைகள் பிறந்தன. 2015 செப்டம்பர் முதல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி என்ற வாரியமே இவற்றையும் கண்காணித்து வருகிறது.

வெளியூர்ச் சந்தை நம் விலையை ஆள்வதும் நமக்குப் பழக்கமானதே. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டு மர்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. கடல் கடந்த ஊரின் தேவையே நம் வயல்வெளியின் விலையை அன்று நிர்ணயித்தது.

ஒரு கணக்கு

முன்பேரம் விவசாயிக்கு எவ்வாறு உதவும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஓர் ஒப்பந்தத்தின் அளவு 5 டன், அதாவது 50 குவிண்டால் என்று கொள்வோம். தை மாதத்தில், சித்திரைக்கான விலை குவிண்டாலுக்கு 9,000 ரூபாய். விவசாயி ஒருவர் ஓர் ஒப்பந்தத்தை விற்கிறார். அதன் மொத்த மதிப்பு 4,50,000 ரூபாய். நூற்றுக்கு 10 வீதம் 45,000 ரூபாயைக் காப்புத்தொகையாகக் கட்டுகிறார்.

சித்திரையில் விலை 8,000 ரூபாயாக இறங்குகிறது. அவர் தம் சரக்கை உள்ளூரில் விற்று 4,00,000 ரூபாய் பெறுகிறார். சந்தையில் 9,000க்கு விற்ற ஒப்பந்தத்தை 8,000க்குத் திரும்ப வாங்கி முடிப்பதால் 50,000 ரூபாய் கிடைக்கிறது. ஆகக்கூடி 4,50,000 ரூபாய்.

மாறாக, விலை 10,000 ரூபாயாக ஏறினால் சரக்குக்கு 5,00,000 ரூபாய் வரும். ஒப்பந்தத்தில் 50,000 ரூபாய் போய்விடும். அப்போதும் கையில் நிற்பது 4,50,000 ரூபாயே. விலை எப்படிப் போனாலும், தை மாதத்தில் கணக்கிட்ட தொகை சித்திரையில் கைக்கு வருகிறது. இதுவே முன்பேரம் தரும் பயன். ஆகவே இது விவசாயிக்கு லாபம் தேடும் கருவியன்று. விலையை நிலைப்படுத்தும் கருவியாகும்.

கவனிக்க வேண்டிய நான்கு இடர்கள்

முதலாவது, தினக் கணக்கு. முன்பேரச் சந்தையில் லாப நஷ்டத்தைச் சித்திரை வரை விட்டுவைப்பதில்லை, நாள்தோறும் தீர்க்கின்றனர். மாசியில் விலை 9,400 ஆக ஏறினால், மேற்சொன்ன விவசாயி 20,000 ரூபாயை உடனே ரொக்கமாகச் செலுத்தியாக வேண்டும். நிலத்திலுள்ள பயிரின் மதிப்பும் உயர்ந்திருக்கிறது என்பது உண்மையே; ஆனால் பயிரைக் காட்டித் தவணை கேட்க இயலாது. பணம் கட்டத் தவறினால் தரகர் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். பிறகு விலை இறங்கினாலும் பயனில்லை.

இரண்டாவது, உள்ளூர் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாடு. மஞ்சள் முன்பேரத்துக்குத் தெலங்கானாவின் நிஜாமாபாத்தும் சீரகத்துக்குக் குஜராத்தின் ஊஞ்சாவும் அடிப்படை ஊர்களாக விளங்குகின்றன. எந்தப் பொருளாயினும் சந்தை சொல்வது அத்தகைய ஓர் ஊரின் விலையையே. அங்கே விலை ஏறித் திண்டிவனத்தில் இறங்கினால் விவசாயி இருபுறமும் இழக்க நேரிடும். கெடு முடியும்வரை ஒப்பந்தத்தை வைத்திருந்தால், குறிப்பிட்ட தரத்தில், குறிப்பிட்ட ஊரின் கிடங்கில் சரக்கை ஒப்படைக்கவும் நேரும்.

மூன்றாவது, விளைச்சல் பொய்த்தல். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய வெள்ளத்தில் பயிர் அழிந்து, விலையும் ஏறிவிட்டால், விற்கச் சரக்கும் இல்லை. ஒப்பந்தத்தின் நஷ்டமோ நிற்கும். எனவே எதிர்பார்க்கும் விளைச்சல் முழுவதற்கும் முன்பேரம் செய்வது அறிவுடைமை ஆகாது. பாதிக்குள் நிறுத்துவதே நலம்.

நான்காவது, சூதாட்ட மனப்பான்மை. 45,000 ரூபாயைக் கொண்டு 4,50,000 ரூபாய்ச் சரக்கின் ஏற்ற இறக்கத்தை ஆளலாம் என்பதே பலரை மயக்குகிறது. சரக்கே இல்லாதவர் இதில் இறங்கினால் அது பந்தயமாகிவிடுகிறது. பங்குகளின் முன்பேரப் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களைப் பற்றிச் செபி வாரியம் 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் அவர்களுள் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமே அடைந்தனர் என்று அது கூறுகிறது. ஆழம் தெரியாமல் காலை விடுவோர்க்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமோ?

இந்த இடர்களுள் சிலவற்றைக் குறைக்க 'ஆப்ஷன்' என்ற முறை உள்ளது. இது காப்பீட்டைப் போன்றது. குவிண்டாலுக்கு 200 ரூபாய் வீதம் 10,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, 9,000 ரூபாய்க்கு விற்கும் உரிமையை மட்டும் பெறலாம். விலை இறங்கினால் அவ்வுரிமை கைகொடுக்கும். ஏறினால் கட்டணத்தோடு நஷ்டம் நின்றுவிடும். தினந்தோறும் பணம் கட்டும் தொல்லையும் இல்லை. வேளாண் பொருள்களில் 2018 ஜனவரியில் குவார் விதைக்கு இம்முறை முதன்முதலாக வந்தது. ஆனால் இவ்வுரிமையை வாங்குவதே விவசாயிக்கு ஏற்றது. அதைப் பிறருக்கு விற்பது பேரிடரை விலைக்கு வாங்குவதாகும்.

நம் பொருள்களுக்கு உண்டா?

இக்கேள்வியே அனைத்திலும் முதன்மையானது. நம் மாவட்டத்தில் பெரிதும் பயிராகும் உளுந்தின் முன்பேரம், விலையேற்றத்தைக் காரணங்காட்டி 2007 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. விலையேற்றத்துக்கு முன்பேரமே காரணம் என்று உறுதியாகக் கூறப் போதிய ஆதாரமில்லை எனப் பேராசிரியர் அபிஜித் சென் தலைமையிலான குழு பின்னர்த் தெரிவித்தது. 2021 டிசம்பரில் நெல், கோதுமை, கொண்டைக்கடலை உள்ளிட்ட ஏழு பொருள்களில் முன்பேரம் நிறுத்தி வைக்கப்பட்டு, அத்தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது. இன்று நடப்பது நாளை நிறுத்தப்படலாம். நின்றது மீண்டும் வரலாம். எனவே எந்தப் பொருளிலும் இறங்குமுன், அதற்கு இப்போது ஒப்பந்தம் உண்டா, அன்றாடம் போதிய அளவில் வணிகம் நடக்கிறதா, ஒப்படைக்கும் ஊர் எது என்ற மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். தாம் விளைவிக்காத பொருளின் முன்பேரம் விவசாயிக்கு வேண்டாதது.

படிப்படியாகத் தொடங்குதல்

முதற்படி கணக்கு எழுதுவது. அருகிலுள்ள விற்பனைக் கூடத்தின் விலையையும் சந்தையின் முன்பேர விலையையும் ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் ஒரு நோட்டில் குறித்து வருக. இதற்குக் காசு செலவில்லை. விதைக்கும் காலத்தில் அறுவடை மாத விலையை அறிவதே பாதிப் பயன் தரும்.

இரண்டாம் படி சரக்கைக் காக்கக் கற்பது. நன்கு உலர்த்தித் தூற்றிய காய்க்கே தரம் உண்டு. விற்பனைக் கூடக் கிடங்கில் இருப்பு வைத்து, அதன்மீது பொருளீட்டுக் கடன் பெறும் வசதி நம் மாநிலத்தில் உள்ளது. வட்டி, தவணை விவரங்களைக் கூடத்தின் கண்காணிப்பாளரிடம் கேட்டறியலாம். அறுவடை நாளின் தாழ்ந்த விலைக்குத் தள்ளிவிடாமல் இருக்க இவ்வழி ஒன்றே பலருக்குப் போதும்.

மூன்றாம் படி ஒன்றுகூடுவது. ஏக்கருக்கு ஏறத்தாழ 1 டன் காய் என்று கொண்டாலும், 5 டன் ஒப்பந்தத்துக்கு ஐந்து ஏக்கர் விளைச்சல் வேண்டும். ஒன்றரை ஏக்கர் உடையவர் தனித்து நின்று என் செய்வார்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக இணைந்தால் சரக்கும் சேரும், தினக் கணக்கைத் தாங்கும் பணவலிமையும் சேரும். பீகார் மாநிலத்துப் பூர்ணியா மாவட்டத்தில் பெண் விவசாயிகள் 'ஆரண்யக்' என்ற நிறுவனமாகக் கூடி, தங்கள் மக்காச்சோளத்தைத் தரம் பிரித்து மின்னணுச் சந்தை வரை கொண்டுசென்றனர். அவர்கள் செய்ததை நம்மவரும் செய்ய இயலும்.

இவற்றுக்குப் பின்னரே கணக்குத் திறக்க வேண்டும். செபியில் பதிவுபெற்ற தரகர்தானா என்று பார்த்து, தம் பெயரிலேயே, தம் வங்கிக் கணக்கு, வருமானவரி எண் ஆகியவற்றைக் கொண்டு திறக்க வேண்டும். ஓர் ஒப்பந்தத்தோடு தொடங்குக. கடன் வாங்கிய பணத்தை இதில் இடற்க. கடவுச்சொல்லை எவரிடமும் ஒப்படைக்கற்க.

பஞ்சாயத்தின் பங்கு

"மாதந்தோறும் இவ்வளவு லாபம் உறுதி" என்று கூறி ஊருக்குள் பணம் திரட்டுவோர் உண்டு. முன்பேரத்தில் உறுதியான லாபம் என்பதே கிடையாது. இச்செய்தியைக் கிராம சபைக் கூட்டத்தில் எடுத்துரைப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமை. விற்பனைக் கூடத்தின் அன்றாட விலையைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். வேளாண் வணிக அலுவலரை அழைத்து விளக்கச் செய்யலாம்.

நிலக்கடலை, எள் ரகங்களில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. விதையின் தரத்துக்குப் பெயர் தந்த மண் இது. விளைவிப்பதில் காட்டிய கவனத்தை விற்பதிலும் காட்டுவோமானால், உழைப்பின் பயன் உழைத்தவர் வீட்டிலேயே தங்கும். அதற்குரிய முதல் முயற்சி, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து இந்த வாரத்து விலையைக் குறித்து வைப்பதுதான்.